பிடுங்கினா காசு தர்றோம்னாங்க... இன்னிக்கு உலகமே தேடுது! - ‘ஓல்டு வைன்’ கிரெனாஷ் ரெட் ஒயினின் கதை

மரம் நட்டால் மானியம், கிணறு வெட்டினால் மானியம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வளர்ந்து நிற்கிற கொடியைப் பிடுங்கி எறிந்தால் மானியம் என்று கேள்விப்பட்டதுண்டா?

1980-களின் நடுப்பகுதியில், ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் அப்படி ஒரு திட்டம் வந்தது. ‘வைன் புல் ஸ்கீம்’ என்று பெயர். திராட்சை விளைச்சல் தேவைக்கு மேல் போய்விட்டது, விலை இல்லை. அதனால் கொடிகளை வேரோடு எடுத்துவிடும் விவசாயிகளுக்கு அரசே பணம் கொடுத்தது. தாத்தா, கொள்ளுத்தாத்தா நட்ட கொடிகள்கூட மண்ணைவிட்டுப் போயின.

அப்போது ‘இதுக்கு மதிப்பில்லை’ என்று ஒதுக்கப்பட்ட ரகங்களில் முக்கியமானது கிரெனாஷ். அதில் தப்பிப் பிழைத்த கொடிகளிலிருந்து வரும் ரெட் ஒயினைத்தான் இன்று ஒயின் விமர்சகர்கள் ‘எலிகன்ட்’ என்று கொண்டாடுகிறார்கள். நடுவில் என்னதான் நடந்தது? கொடிக்கு வயசானால் ஒயினுக்கு என்ன லாபம்? லேபிளில் ‘ஓல்டு வைன்’ என்று போட்டிருந்தால் நம்பிவிடலாமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம்!

‘ஓல்டு வைன்’ என்பதில் வரும் ‘வைன்’, நாம் குடிக்கிற ஒயின் இல்லை. திராட்சைக் கொடி. ஆக, இது பல வருடம் பாட்டிலில் கிடந்த பழைய ஒயின் இல்லை. வயதான கொடியில் காய்த்த திராட்சையில் செய்த ஒயின். போன வருடம் பாட்டிலில் அடைத்த ஒயின்கூட ‘ஓல்டு வைன்’ ஒயினாக இருக்கலாம். இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் கதை புரிந்துவிடும்.

கிரெனாஷ்... யார் இவர்?

கிரெனாஷ் என்பது கறுப்புத் திராட்சையில் ஒரு ரகம். ஸ்பெயினின் அரகோன் பகுதிதான் இதன் பூர்வீகம் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஸ்பெயினில் இதற்குப் பெயர் ‘கர்னாச்சா’. இத்தாலியின் சார்டினியா தீவில் ‘கன்னோனாவ்’. பிரான்ஸில் ‘கிரெனாஷ்’. அந்த பிரெஞ்சுப் பெயர்தான் ஆஸ்திரேலியாவில் ஒட்டிக்கொண்டது. தெற்கு பிரான்ஸின் புகழ்பெற்ற ‘ஷாட்டோநஃப் தூ பாப்’ ஒயினில் பெரும் பங்கு இந்தத் திராட்சைக்குத்தான்.

குணம் எப்படி? வெயிலுக்கு அஞ்சாது. தண்ணீர் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். தண்டு உறுதி என்பதால் காற்று சுழற்றி அடித்தாலும் நிற்கும். ஆனால், பழுக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளும். பழுக்கும்போது சர்க்கரையை அள்ளிச் சேர்க்கும். நொதிக்கும்போது சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது. அதனால் கிரெனாஷ் ஒயினில் ஆல்கஹால் 14, 15 சதவீதம் என்று சாதாரணமாக ஏறிவிடும்.

இன்னொரு விஷயம், தோல் மெல்லிசு. ரெட் ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. அதனால் கிரெனாஷ் ஒயின் மை மாதிரி கறுத்து இருக்காது. வெளிச்சத்தில் பிடித்தால் மாணிக்கச் சிவப்பில் பளிச்சென்று தெரியும். கிளாஸை சாய்த்துப் பின்னால் மொபைலை வைத்தால், ஸ்க்ரீனில் இருக்கிற எழுத்தைக்கூடப் படித்துவிடலாம்!

செல்லப்பிள்ளை, வேண்டாத பிள்ளை ஆன கதை

1800-களில் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர்கள் கையோடு கொண்டுபோனவற்றில் திராட்சைக் கொடியின் வெட்டுக்குச்சிகளும் உண்டு. அடிலெய்டு நகரத்துக்கு வடக்கே பரோசா பள்ளத்தாக்கு, தெற்கே கடலோரம் மெக்லாரன் வேல். இரண்டு இடத்திலும் நல்ல வெயில், குறைந்த மழை. கிரெனாஷுக்குக் கேட்கவா வேண்டும்? நன்றாக வேர் பிடித்தது.

அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்றது, பிராந்தி ஸ்பிரிட் கலந்து செய்யும் இனிப்பான ‘ஃபோர்ட்டிஃபைடு’ ஒயின். அதற்குச் சர்க்கரை நிறைய இருக்கிற திராட்சை வேண்டும். கிரெனாஷ் அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. 1960-களின் நடுப்பகுதி வரை, ஆஸ்திரேலியாவில் அதிகம் பயிரான கறுப்புத் திராட்சை இதுதான்.

பிறகு மக்களின் ருசி மாறியது. இனிப்பு ஒயின் போய், சாப்பாட்டோடு குடிக்கும் ஒயின் வந்தது. அடுத்து ஒயிட் ஒயின் மோகம். ரெட் என்றால் கேபர்னே, ஷிராஸ். கிரெனாஷ் என்றாலே ‘மட்டமான ஒயினுக்குப் போடுற திராட்சை’ என்று ஆகிவிட்டது. தண்ணீர் பாய்ச்சிக் கொத்துக் கொத்தாகக் காய்க்க விட்டால் இது வெளிறி, தித்தித்து, சப்பென்று ஒரு ஒயினைத்தான் தரும். அப்படித்தான் பல இடங்களில் அதை வளர்த்தார்கள். கெட்ட பெயர் திராட்சைக்கு வந்தது.

அந்த நேரத்தில்தான் பிடுங்கும் திட்டமும் வந்தது. இன்று ஆஸ்திரேலியாவின் மொத்த திராட்சைத் தோட்டத்தில் கிரெனாஷின் பங்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான்.

பூச்சி நுழையாத மாநிலம்

அப்படியும் அந்த மாநிலத்தில் நூறு வயதைத் தாண்டிய கொடிகள் மிஞ்சியிருக்கின்றன. அதற்கு ஒரு பூச்சியும் ஒரு சட்டமும் காரணம்.

ஃபிலாக்ஸெரா என்று ஒரு பூச்சி, அசுவினி இனத்தின் சொந்தக்காரன். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கொடியின் வேரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சியே கொடியைக் கொன்றுவிடும். வட அமெரிக்காவிலிருந்து போய், 1860-களில் பிரான்ஸில் தலைகாட்டியது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைக் காலி செய்துவிட்டது. மருந்து இல்லை. கடைசியில், இந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். இன்றைக்கும் உலகத்தின் பெரும்பாலான ஒயின் கொடிகள் ஒட்டுக்கொடிகள்தான்.

ஆஸ்திரேலியாவில் பக்கத்து மாநிலமான விக்டோரியாவுக்குள் 1870-களில் அது நுழைந்தது. தெற்கு ஆஸ்திரேலியா உஷாராகி, 1899-லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. வெளியிலிருந்து கொடி, குச்சி, மண், இயந்திரம் வருவதற்கெல்லாம் கட்டுப்பாடு. பலன், இன்று வரை அந்த மாநிலத்துக்குள் ஃபிலாக்ஸெரா வரவில்லை. அதனால் அங்கே இருக்கிற பழைய கொடிகள், ஒட்டு இல்லாமல் தங்கள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. பரோசாவில் சிரில்லோ குடும்பத்தின் தோட்டத்தில் இருக்கும் கிரெனாஷ் கொடிகள் 1848-ல் நடப்பட்டவை என்கிறார்கள். காய்த்துக்கொண்டிருக்கும் உலகின் மிகப் பழைய கிரெனாஷ் கொடிகளாக அவை பேசப்படுகின்றன.

பூச்சியிடமிருந்து தப்பிய கொடிகள், மனுஷனிடம் மாட்டிக்கொண்டன என்பதுதான் 1980-களின் சோகம்.

வாங்க ஆள் இருந்தால் கொடி பிழைக்கும்

பிடுங்குவதைத் தடுத்தது போராட்டமோ கோர்ட் உத்தரவோ இல்லை. திராட்சையை விலை கொடுத்து வாங்க சிலர் முன்வந்தார்கள், அவ்வளவுதான்.

பரோசாவில் பீட்டர் லேமன் என்ற ஒயின் தயாரிப்பாளர். 1970-களின் கடைசியில், அவர் வேலை பார்த்த நிறுவனம் விவசாயிகளிடம் திராட்சை வாங்குவதை நிறுத்தச் சொன்னது. ‘வாங்கிக்கிறேன்னு வாக்குக் கொடுத்தாச்சு, எப்படி மறுக்கிறது?’ என்ற நிலை அவருக்கு. தனியாக ஒரு நிறுவனம் தொடங்கி, அந்தத் திராட்சையை வாங்கினார். அது சூதாட்டம் மாதிரியான முயற்சி என்பதால், கதைகளில் வரும் ஒரு சூதாடியின் பெயரான ‘மாஸ்டர்சன்’ என்பதையே நிறுவனத்துக்கு வைத்தார்! அதுதான் பின்னாளில் அவர் பெயரிலேயே பிரபலமானது.

1984-ல் ராபர்ட் ஓ’கேலகன், சார்லஸ் மெல்டன் போன்றவர்கள் சின்னச் சின்ன ஒயினரிகளைத் தொடங்கினார்கள். ஊர் ஒதுக்கிய பழைய கொடிகளின் திராட்சையைத் தேடி வாங்கினார்கள். மெல்டன், கிரெனாஷை முன்வைத்து ‘நைன் போப்ஸ்’ என்று ஒரு ஒயின் கொண்டுவந்தார். ஷாட்டோநஃப் தூ பாப் என்றால் ‘போப்பின் புதிய கோட்டை’ என்று பொருள். பிரெஞ்சில் ‘நஃப்’ என்பதற்குப் ‘புதிய’ என்றும் அர்த்தம், ‘ஒன்பது’ என்றும் அர்த்தம். அதை வைத்து ஒரு குறும்பு!

விவசாயியின் பக்கமிருந்து பாருங்கள். பழைய கொடி காய்ப்பது குறைவு. புதிய கொடிக்கும் பழைய கொடிக்கும் கிலோவுக்கு ஒரே விலை என்றால், எந்த விவசாயி பழையதை வைத்திருப்பார்? தரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க ஒரு ஆள் வந்த பிறகுதான் அந்தக் கொடிகளுக்கு ஆயுள் நீண்டது.

வயசான கொடியில் அப்படி என்ன இருக்கு?

திராட்சை என்றாலே நமக்குப் பந்தல்தான் நினைவுக்கு வரும். பழைய கிரெனாஷ் கொடிக்குப் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. முறுக்கிய அடிமரத்தோடு, குட்டையான மரம் மாதிரி தானே நிற்கும். ‘புஷ் வைன்’ என்பார்கள். இலைகள் குடை மாதிரி விரிந்து பழத்துக்கு நிழல் தரும். இதில் இயந்திரம் விட்டு அறுவடை செய்ய முடியாது; குனிந்து குனிந்து கையால்தான் வெட்ட வேண்டும். செலவு கூடும்.

சரி, பலன்? மூன்று விஷயம்.

ஒன்று, காய்ப்பு தானாகவே குறைந்துவிடுகிறது. இளம் கிரெனாஷ் கட்டுப்பாடு இல்லாமல் காய்க்கும். வயதான கொடி அளவாகக் காய்க்கும். கொத்து குறையும்போது இருக்கிற பழத்தில் சுவை செறிவாகச் சேர்கிறது. கிரெனாஷின் மிகப் பெரிய பலவீனத்தை வயதே சரிசெய்துவிடுகிறது.

இரண்டு, வேர் ஆழம். பல பத்தாண்டுகளாக மண்ணுக்குள் இறங்கிய வேர், மேல்மண் காய்ந்தாலும் கீழே ஈரத்தைத் தேடிக்கொள்ளும். ஒரு வருடம் மழை பொய்த்தால் இளம் கொடி திணறும், இது அசராது.

மூன்று, தடித்த அடிமரம். கொடி தன் சேமிப்பை வைப்பது அடிமரத்திலும் வேரிலும்தான். சேமிப்பு இருக்கிற குடும்பம் கஷ்ட காலத்தைச் சமாளிப்பது போல, இதுவும் மோசமான பருவத்தைச் சமாளிக்கும்.

ஆனால், ‘பழசு’ என்பதாலேயே எல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மோசமான மண்ணில், மோசமான இடத்தில் நின்ற கொடிகளை முன்பே பிடுங்கிவிட்டிருப்பார்கள். நல்ல இடத்தில் நின்றவைதான் பெரும்பாலும் மிஞ்சின. அதனால் பழைய கொடி ஒயினின் ருசியில் வயதுக்கு ஒரு பங்கு, இடத்துக்கு ஒரு பங்கு. மெக்லாரன் வேலில் ப்ளூயிட் ஸ்பிரிங்ஸ் என்ற பகுதி அதற்கு உதாரணம். மணல் பாங்கான நிலம், கடல் காற்று. யங்கரா என்ற ஒயினரி, அங்கே 1946-ல் நடப்பட்ட கொடிகளிலிருந்து செய்யும் ‘ஹை சாண்ட்ஸ்’ கிரெனாஷ், ஆஸ்திரேலியாவின் பெருமதிப்புக்குரிய ஒயின்களில் ஒன்று.

அந்த ‘எலிகன்ட்’னா என்ன?

ஒயின் உலகத்தில் இந்த வார்த்தையை இஷ்டத்துக்குப் பயன்படுத்துவார்கள். எளிமையாகச் சொன்னால், எந்த ருசியும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. இனிப்பான வாசனை, புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு எல்லாம் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்க வேண்டும். நல்ல ரசத்தில் புளி தனியாக, மிளகு தனியாகத் தெரியாது இல்லையா? அது போல.

கிரெனாஷில் அது சுலபமில்லை. அறுவடையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் சர்க்கரை எகிறும், புளிப்பு இறங்கும். ஒயின், ஜாம் மாதிரி கனத்துவிடும். ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். நன்றாகப் பழுக்க விட்டு, புது ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்து, கனமான ஒயினாக.

இப்போதைய ஒயின் மேக்கர்கள் வழியை மாற்றிவிட்டார்கள். கொஞ்சம் முன்னதாகவே அறுவடை. சில கொத்துகளைக் காம்போடு அப்படியே நொதிக்க விடுவது. தோலை அழுத்திக் கசக்காமல் மெதுவாகச் சாறு இறக்குவது. புது ஓக்குக்குப் பதில் பெரிய பழைய பீப்பாய், கான்கிரீட் தொட்டி, செராமிக் கலன். மரத்தின் வாசனை ஏறாது. பழத்தின் வாசனை மறையாது.

கிளாஸில் என்ன கிடைக்கும்? ராஸ்பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி மாதிரியான பழ வாசனை, மெல்லிய வெள்ளை மிளகுக் காரம், ஆரஞ்சுத் தோல், காய்ந்த மூலிகை. நாக்கில் பட்டு மாதிரி ஒரு துவர்ப்பு. இதனால்தான் இதை ‘வெப்ப நாட்டின் பினோ நுவார்’ என்று செல்லமாகச் சொல்கிறார்கள்.

லேபிளைப் படிப்பது எப்படி?

* ‘ஓல்டு வைன்ஸ்’ (பிரெஞ்சில் ‘வியேய் வீன்’, ஸ்பானிஷில் ‘வீன்யாஸ் வியேஹாஸ்’) என்ற வார்த்தைக்குப் பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி வயது வரம்பு இல்லை. 25 வயதுக் கொடிக்கும் போடலாம். வார்த்தையைப் பார்க்காதீர்கள், கொடி நடப்பட்ட வருடம் இருக்கிறதா என்று பாருங்கள்.
* பரோசா 2009-ல் தனக்கென்று ஒரு பட்டியல் வகுத்துக்கொண்டது. 35 வயதுக்கு மேல் ‘ஓல்டு’, 70-க்கு மேல் ‘சர்வைவர்’, 100-க்கு மேல் ‘சென்டினேரியன்’, 125-க்கு மேல் ‘ஆன்செஸ்டர்’. லேபிளில் இந்த வார்த்தைகள் இருந்தால் அர்த்தம் இதுதான்.
* தென்னாப்பிரிக்காவில் 35 வயதைத் தாண்டிய தோட்டங்களின் ஒயினுக்கு, நட்ட வருடத்தோடு தனி முத்திரை உண்டு. சர்வதேச திராட்சை, ஒயின் அமைப்பான ஓ.ஐ.வி-யும் 2024-ல் 35 வயதையே வரையறையாக வைத்தது.
* ஆஸ்திரேலிய பாட்டிலில் ‘கிரெனாஷ்’ என்று மட்டும் போட்டிருந்தால், குறைந்தது 85 சதவீதம் அந்தத் திராட்சை இருக்க வேண்டும். ‘ஜி.எஸ்.எம்’ என்றால் கிரெனாஷ், ஷிராஸ், மூர்வேத்ர் கலவை.
* கார்க் இல்லாமல் திருகு மூடி இருக்கிறதே என்று மட்டமாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் விலை உயர்ந்த ஒயினுக்கும் அதுதான்.

நம்ம ஊர் சூட்டுக்கு ஒரு குறிப்பு

‘ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும்’ என்பது குளிர்நாட்டு ரூமுக்குச் சொன்னது. நம் ஹாலில் 32 டிகிரி! அந்தச் சூட்டில் கிரெனாஷின் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். சுமார் 15 டிகிரி இதற்குச் சரி. ஏ.சி அறையில் இருந்த பாட்டில் என்றால் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தாலே போதும். அதைவிடச் சூடான இடத்தில் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம். திறந்த பிறகு கிரெனாஷ் காற்றுப்பட்டுச் சீக்கிரம் சோர்ந்துவிடும். மூடி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது.

சாப்பாடு? சுட்ட ஆட்டுக்கறி, தக்காளி சேர்ந்த உணவுகள், மிளகு தூக்கலான வறுவல் ஜோடி சேரும். பச்சை மிளகாய் அள்ளிப்போட்ட அயிட்டம் வேண்டாம். ஆல்கஹால், மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடும்.

இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்க

மெல்லிய நிறம், மென்மையான ருசி என்பதால் ‘லைட்டான சரக்கு’ என்று ஏமாந்துவிடக் கூடாது. 14.5 சதவீத ஒயினில் 150 மி.லி கிளாஸ் ஒன்றில் சுமார் 17 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கணக்கில் 10 கிராம் ஒரு ‘ஸ்டாண்டர்டு டிரிங்க்’. முழு பாட்டிலில் 8.6. அந்நாட்டு மருத்துவ வழிகாட்டுதல் சொல்லும் வாராந்தர உச்சவரம்பே 10 தான். ஒரே நாளில் 4-ஐத் தாண்டக் கூடாது. ‘ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்ற பேச்சை நம்பி யாரும் தொடங்க வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடிக்காதவர்களுக்கு இந்தக் கதையே போதும்!

மறுபடியும் அதே பேச்சு!

2020-ன் கடைசியில், ஆஸ்திரேலிய ஒயின்மீது சீனா கடுமையான வரி போட ஆரம்பித்தது. சில நிறுவனங்களுக்கு 200 சதவீதத்துக்கும் மேல். மிகப் பெரிய சந்தை ஒரே அடியில் போச்சு. 2024 மார்ச்சில் வரி நீக்கப்பட்டாலும், அதற்குள் ரெட் ஒயின் மலையாகத் தேங்கிவிட்டது. திராட்சைக்கு விலை சரிந்தது. கட்டுப்படியாகாமல் விவசாயிகள் மறுபடியும் கொடிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் பாசன வசதியுள்ள, மொத்தமாக விளைவிக்கும் பகுதிகளில்தான் இது நடக்கிறது. ஆனால், 1980-களில் போனவற்றை நினைத்தால் பழைய தோட்டக்காரர்களுக்கும் அடிவயிற்றில் கலக்கம் வரத்தான் செய்யும்.

ஒரு கொடியைப் பிடுங்கச் சில நிமிடம் போதும். அதே இடத்தில் இன்று புதிதாக நட்டால், பரோசாவின் பட்டியலில் ‘ஓல்டு’ என்ற முதல் படியைத் தொடவே 35 வருடம் ஆகும். ‘ஆன்செஸ்டர்’ ஆக 125 வருடம். நட்டவரும் இருக்க மாட்டார், அவர் பேரனும் இருக்க மாட்டார்.

அதனால்தான் லேபிளில் நட்ட வருடத்தைத் தேடச் சொல்கிறோம். வெறும் ‘ஓல்டு வைன்’ என்ற வார்த்தைக்குக் கொடுக்கிற கூடுதல் காசு, விளம்பரத்துக்குப் போகலாம். 1946 என்றோ 1848 என்றோ வருடம் போட்ட பாட்டிலுக்குக் கொடுக்கிற காசு, அந்தக் கொடியை இன்னொரு வருடம் விட்டுவைக்க அந்த விவசாயிக்கு ஒரு காரணம்.